வாக்குறுதி வேறு, ஒப்பந்தம் வேறு!

இரண்டு கிழவர்களை மனக்கண் முன் நிறுத்திக் கொள்ளுங்கள், தோழர்களே! இருவரும் அமெரிக்க நாட்டிலே, மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரே ஆலையிலே, முப்பது ஆண்டுக் காலம் உழைத்தவர்கள். ஒருவர் இயந்திரத்தின் முன்னே நின்றவர். மணிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவர். மற்றவர் அதே பட்டறையின் ஓரத்திலே, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே மேஜை போட்டு அமர்ந்தவர். சம்பளக்காரர் என்று பெயர் பெற்றவர். முன்னவர் கையிலே கிரீஸ். பின்னவர் கழுத்திலே டை. முன்னவரைத் தொழிலாளி என்றார்கள். பின்னவரை 'நம்மவர்' என்று நிர்வாகம் தோளிலே தட்டிக் கொடுத்தது.

2009ஆம் ஆண்டு வந்தது. கம்பெனி திவாலாகிக் கிடந்தது. பென்ஷன் நிதியிலே பெரும் பள்ளம். யாருக்குக் கிடைத்திருக்கும் பென்ஷன்? 'நம்மவர்' என்று அழைக்கப்பட்டவருக்குத்தானே என்று எண்ணுவீர்கள். இல்லை! கிரீஸ் படிந்த கைக்குப் பேசிய தொகை வந்து சேர்ந்தது. டை கட்டிய கழுத்துக்குத்தான் கத்தி விழுந்தது.

இது கட்டுக்கதையன்று. அந்தக் கம்பெனியின் பெயர் டெல்ஃபை. ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் மாபெரும் நிறுவனத்தின் வயிற்றிலே பிறந்து, 1999இல் தனிக்குடித்தனம் வைக்கப்பட்டு, 2005 அக்டோபரில் திவால் மனு கொடுத்த கம்பெனி. 2009 ஜூலையில் அதன் பென்ஷன் திட்டங்களை அமெரிக்க சர்க்காரின் பென்ஷன் உத்தரவாதக் கழகம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கழகம் சட்டம் விதித்த உச்ச வரம்புக்கு மேல் தராது. அறுபத்தைந்து வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கு அந்த வரம்பும் குறையும். ஆகவே எல்லோருக்கும் வெட்டு விழ வேண்டியதுதான். ஆனால் யூனியன் தொழிலாளருக்கு விழுந்த வெட்டை ஜெனரல் மோட்டார்ஸ் தன் கையிலிருந்து கொடுத்து நிரப்பியது. சம்பளக்காரர் சுமார் 20,000 பேருக்கு நிரப்பவில்லை. பென்ஷனில் 30 சதம் முதல் 70 சதம் வரை பறிபோயிற்று என்று அவர்கள் முறையிட்டார்கள். ஓய்வுக்கால மருத்துவக் காப்பீட்டையோ அதே ஆண்டின் தொடக்கத்திலேயே இழந்திருந்தார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? தொழிலாளி கெட்டிக்காரர், சம்பளக்காரர் சோம்பேறி என்பதாலா? நிர்வாகத்துக்குத் தொழிலாளி மீது காதல் பிறந்துவிட்டதாலா? ஒரு தாள்தான் காரணம், தோழர்களே! 1999இல் டெல்ஃபை பிரிக்கப்பட்டபோது, 'நாளை இது நொடித்தால் எங்கள் பென்ஷனுக்கு யார் ஜவாப்?' என்று ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கம் கேட்டது. எழுதிக் கையெழுத்துப் போடு என்றது. ஜெனரல் மோட்டார்ஸ் போட்டது. வேறு இரண்டு சங்கங்களும் அப்படியே எழுதி வாங்கின. சம்பளக்காரருக்குச் சங்கம் இல்லை; எழுதி வாங்க ஆள் இல்லை. அவர்களிடம் இருந்ததெல்லாம் கம்பெனியின் நல்வாக்கு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டிலே இருந்த சுரைக்காய்தான் கறிக்கு உதவிற்று. வாயிலே காய்த்த சுரைக்காய் காற்றோடு போயிற்று!

யார் மேல்? யார் கீழ்?

அமெரிக்க மோட்டார் தொழிலிலே இரண்டு சாதிகள் உண்டு. பிறப்பால் வந்த சாதியன்று. சம்பளப் பட்டியலால் வந்த சாதி. ஒன்று மணிக்கூலிக்காரர், கடிகாரத்திலே அட்டை குத்தி உள்ளே நுழைபவர். மற்றொன்று சம்பளக்காரர், போர்மேன், குமாஸ்தா, கணக்கர், வரைவாளர், எஞ்சினியர். உலகம் முழுதும் இருக்கிற நம்பிக்கைதான் அங்கேயும்: மேஜை மேலானது, பட்டறை தாழ்ந்தது, சம்பளம் கௌரவம், கூலி இழிவு.

பண்டு நாளில் அது உண்மையாகவே இருந்தது. சம்பளக்காரருக்கு லீவு உண்டு, கூலிக்காரருக்கு இல்லை. உற்பத்தி குறைந்தால் கூலிக்காரர் வாயிலுக்கு வெளியே; சம்பளக்காரர் உள்ளே. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு, ஒன்பது மணி நேரத்துக்கு 2 டாலர் 34 சென்ட் என்றிருந்த கூலியை மாற்றி, எட்டு மணி நேரத்துக்கு 5 டாலர் என்று அறிவித்தார். உலகமே வியந்தது. ஆனால் அந்த ஐந்து டாலரிலே பாதியளவு 'லாபப் பங்கு' என்று பெயரிடப்பட்டது. அதைப் பெறத் தகுதி உண்டா என்று பார்க்க, தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே கம்பெனியின் ஆய்வாளர்கள் நுழைந்தார்கள். குடிக்கிறானா, சேமிக்கிறானா, வீடு சுத்தமா என்று குறிப்பெடுத்தார்கள். தருமம் செய்பவன் அடுப்பங்கரை வரை எட்டிப் பார்ப்பான். உரிமையாக வாங்கினால் வாசலோடு நிற்பான். இந்தப் பாடத்தைத் தொழிலாளி மறக்கவில்லை.

1935இல் சங்கம் பிறந்தது. 1936 டிசம்பர் 30ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்து பிளிண்ட் நகரிலே, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்குள்ளேயே தொழிலாளர் உட்கார்ந்தார்கள். வெளியே பனி, உள்ளே குளிர். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசிற்று. அவர்கள் கீல்களையும் போல்ட்டுகளையும் வீசினார்கள். 44 நாள் அசையவில்லை. 1937 பிப்ரவரி 11ஆம் நாள் கம்பெனி பணிந்தது. அந்த ஒப்பந்தம் எத்தனை பக்கம் தெரியுமா? ஒரே ஒரு பக்கம்! அந்த ஒரு பக்கத்திலிருந்துதான் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான பக்கங்களும் முளைத்தன.

1945 நவம்பரிலே தொடங்கிய 113 நாள் வேலைநிறுத்தத்தில், 'காரின் விலையை ஏற்றாமலே 30 சதம் கூலியை ஏற்று. முடியாதென்றால் கணக்குப் புத்தகத்தைத் திற!' என்று முழங்கினார் வால்டர் ரூதர். புத்தகம் திறக்கப்படவில்லை, மணிக்குப் பதினெட்டரை சென்ட் உயர்வு கிடைத்தது. 1948இல் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படி வந்தது. 1949இல் ஃபோர்டிலே பென்ஷன் வந்தது. 1950இல் அதே பென்ஷனுக்காகக் கிரைஸ்லர் தொழிலாளர் 104 நாள் வெளியே நின்றார்கள். 1955இல் வேலையில்லாக் காலத்துக்கும் கம்பெனி படி கொடுக்கும் ஏற்பாடு ஃபோர்டிலே தொடங்கிற்று. 1970இல் ஜெனரல் மோட்டார்ஸிலே 67 நாள் போராடி, முப்பது ஆண்டு உழைத்தவன் முன்கூட்டியே ஓய்வு பெறும் வழியைத் திறந்தார்கள்.

ஒவ்வொரு வரியின் பின்னாலும் ஒரு வேலைநிறுத்தம், அல்லது வேலைநிறுத்தம் வருமென்ற அச்சம். ஒவ்வொரு சென்ட்டின் பின்னாலும் பட்டினி கிடந்த ஒரு குடும்பம்.

சரி, சம்பளக்காரர் நிலை என்னவாயிற்று? அவர்கள் போராடவில்லை, ஆனாலும் பலன் பெற்றார்கள். கூலிக்காரருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானதும், அதையொட்டியே சம்பளக்காரருக்கும் உயர்வு தருவதைக் கம்பெனிகள் வழக்கமாக்கிக் கொண்டன. போர்மேனைவிடத் தொழிலாளி அதிகம் வாங்கினால் போர்மேன் என்ன நினைப்பான்? அவனும் சங்கம் தேடுவான். அந்த அச்சமே கம்பெனியின் தயாளத்துக்கு ஊற்று. பட்டறையிலே இறைத்த நீர் மேஜைக்கும் பாய்ந்தது. ஆனால் பாய்ந்த நீர் வேறு, சொந்தக் கிணறு வேறு. இது பின்னால்தான் தெரிந்தது.

போர்மேன் சங்கத்தின் கதை

போர்மேன்கள் முயலவே இல்லையா? முயன்றார்கள்! இந்த வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டும். 1941இல் ஃபோர்டின் ரூஜ் ஆலையிலே போர்மேன்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள். யுத்த காலத்திலே அது முப்பதாயிரம் பேருக்கு மேல் வளர்ந்தது. முதலாளிகள் பதறினார்கள். தொழிலாளி சங்கம் வைத்தால் கூலிதான் போகும்; போர்மேனே சங்கம் வைத்தால் ஆலையே கையை விட்டுப் போகுமே!

1947 மார்ச் மாதம் பாக்கார்டு மோட்டார் கம்பெனி வழக்கில், போர்மேனுக்கும் சங்க உரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றே மாதம்! அதே ஜூனில், ஜனாதிபதி ட்ரூமனின் மறுப்பையும் மீறி, டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் நிறைவேறிற்று. மேற்பார்வையாளருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது என்று அச்சட்டம் கதவைச் சாத்திற்று. அந்தக் கோடையிலேயே ஃபோர்டில் போர்மேன்கள் நடத்திய வேலைநிறுத்தம் முறிந்தது. சங்கம் தேய்ந்து மறைந்தது. நீதிமன்றம் திறந்த கதவைச் சட்டமன்றம் சாத்திற்று. யாருடைய சட்டமன்றம் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அன்றிலிருந்து போர்மேனுக்கு இருப்பது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மீசையை முறுக்கிவிட்டார்கள், கூழுக்கு மட்டும் உத்தரவாதம் தரவில்லை.

கணக்குப் பார்ப்போம்

வாய்ப் பந்தல் வேண்டாம், கணக்குப் போடுவோம். மணிக்கு 40 டாலர் பெறும் ஒரு தொழிலாளி. வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம்: 83,200 டாலர். அவர் வாரம் பத்து மணி ஓவர்டைம் பார்க்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 60 டாலர். ஆண்டுக்கு 31,200 டாலர் கூடுகிறது. மொத்தம் 1,14,400 டாலர்.

அவர் மேலே ஒரு சம்பளக்காரர். ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலர் என்று வைப்போம். கேட்கும்போதே காது குளிர்கிறது! ஆனால் அவரும் வாரம் ஐம்பது மணி இருந்தாக வேண்டும். அலுவலாளர், நிர்வாகி, வல்லுநர் என்ற வகையிலே வருபவருக்கு ஓவர்டைம் கட்டாயமில்லை என்று 1938ஆம் ஆண்டுச் சட்டமே விலக்களித்திருக்கிறது. ஆண்டுக்கு 2,600 மணி. லட்சத்தை அதால் வகுத்தால் மணிக்கு முப்பத்தெட்டரை டாலர். அதே 2,600 மணி நின்ற தொழிலாளிக்குச் சராசரி 44 டாலர். மேஜையிலே இருப்பவர் மணிக்கு ஐந்தரை டாலர் குறைவாக வாங்கிக்கொண்டு, தான் உயர்ந்தவர் என்று உறங்குகிறார்!

எல்லாச் சம்பளக்காரரும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. தொழிலாளியைவிடப் பன்மடங்கு பெறும் எஞ்சினியர்கள் உண்டு. பதவி உயர்வின் ஏணி அவர்களுக்கு உண்டு. பட்டறையிலே ஏணி குட்டை. நாள் முழுதும் நின்று, குனிந்து, தோளும் முழங்காலும் தேயும் வேலை அவர்களுக்கில்லை. இதையெல்லாம் மறைத்தால் நாம் நேர்மையற்றவர்களாவோம். ஒப்பிட வேண்டியது தொகையை மட்டுமன்று. அந்தத் தொகை எதன்மேல் நிற்கிறது என்பதையும்தான்.

மருத்துவத்தைப் பாருங்கள். டெட்ராய்ட்டின் மூன்று கம்பெனிகளிலும் யூனியன் தொழிலாளி தன் மருத்துவக் காப்பீட்டுக்கு மாதச் சந்தா கட்டுவதில்லை, ஒப்பந்தம் அப்படி. சம்பளக்காரர் கட்டுகிறார், எவ்வளவு என்பதைக் கம்பெனி ஆண்டுதோறும் தீர்மானிக்கிறது. ஆட்குறைப்பைப் பாருங்கள். தொழிலாளியைப் பணி மூப்பு வரிசைப்படிதான் நிறுத்தலாம். நிறுத்தப்பட்டவனைத் திரும்ப அழைக்கும் வரிசையும் உண்டு. இடைக்காலத்துக்குப் படி உண்டு. நியாயமின்றித் தண்டித்தால் முறையீடு, அதற்கு மேல் நடுவர். சம்பளக்காரருக்கு? காரணம் சொல்லாமலே அனுப்பலாம். 2024 மார்ச்சில் கிரைஸ்லரின் இன்றைய தாய்க் கம்பெனியான ஸ்டெல்லான்டிஸ், எஞ்சினியர் முதலான சம்பளக்காரர் சுமார் 400 பேரை ஒரே நாளில் நீக்கியது. 'இன்று வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக்கே அழைப்பு அனுப்பி வேலையைப் பறித்தார்கள். வாயிலிலே கூடி நிற்கவும் முடியாதபடி, ஒவ்வொருவராக, தனித்தனியாக!

லாபப் பங்கைப் பாருங்கள். கம்பெனியின் வட அமெரிக்க லாபத்துக்கு இவ்வளவு என்றால் தொழிலாளிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலே சூத்திரம் உண்டு. 2024ஆம் ஆண்டு லாபத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 14,500 டாலர் வரை கிடைத்தது. சம்பளக்காரரின் போனஸோ மேலதிகாரி போடும் மதிப்பெண்ணைப் பொறுத்தது. ஒருவனுக்குச் சூத்திரம், இன்னொருவனுக்கு ஜாதகம்!

சொன்ன வாக்கு என்னவாயிற்று?

'ஆயுள் முழுதும் இலவச மருத்துவம்' என்று ஜெனரல் மோட்டார்ஸ் தன் சம்பளக்காரருக்குச் சொல்லி வந்தது. அதை நம்பிப் பல்லாயிரம் பேர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். 1988இல் கம்பெனி அந்த ஏற்பாட்டை மாற்றிச் செலவிலே ஒரு பங்கை அவர்கள் தலையிலே கட்டியது. வழக்குத் தொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: கம்பெனி விரும்பினால் மாற்றலாம் என்று திட்டப் பத்திரத்திலேயே விதி இருக்கிறது, ஆகவே வாக்குச் செல்லாது! பெரிய எழுத்திலே வாக்குறுதி. பொடி எழுத்திலே விடுதலைப் பத்திரம். வென்றது பொடி எழுத்து.

2008 ஜூலையில் இன்னொரு அடி. அறுபத்தைந்து வயதைக் கடந்த சம்பளக்கார ஓய்வூதியருக்கு மருத்துவக் காப்பீடு 2009 ஜனவரி முதல் நிறுத்தம். பதிலாக மாதம் 300 டாலர் பென்ஷனில் கூட்டித் தருகிறோம் என்றது அதே கம்பெனி. யாரோடு பேசி? யாரோடும் இல்லை. தொழிலாளரின் ஓய்வுக்கால மருத்துவத்தை மாற்ற வேண்டியிருந்தபோதோ சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அதற்கென்று தனி அறக்கட்டளை அமைந்தது. கம்பெனிகள் அதிலே பணமும் பங்கும் போட்டன. அங்கும் இழப்பு உண்டு. ஆனால் பேசி இழந்ததற்கும் கேட்காமலே பறிபோனதற்கும் வேறுபாடு இல்லையா?

டெல்ஃபை சம்பளக்காரரும் நீதிமன்றம் சென்றார்கள். பதின்மூன்று ஆண்டு. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்கள் மனுவை விசாரிக்கவே மறுத்துவிட்டது. காத்திருந்த காலத்திலே கண் மூடியவர்கள் எத்தனையோ பேர். அவர்களை எண்ணி நாம் எக்காளமிடவில்லை. அவர்களும் உழைத்தவர்கள்தாம். அவர்களுக்கு நேர்ந்த அநீதி அநீதிதான்.

பொய்யும் மெய்யும்

ஆனால் அந்த அநீதியைக் காட்டி, 'பார்த்தீர்களா, யூனியன்காரன் கொழுத்தான்; உங்களை மெலியவிட்டான்' என்று சம்பளக்காரரிடம் ஓதுகிறார்களே, அவர்களைத்தான் நாம் கேட்கிறோம். 2008 இறுதியில் கம்பெனிகள் சர்க்காரிடம் கையேந்தி நின்றபோது, 'மோட்டார்த் தொழிலாளிக்கு மணிக்கு 70 டாலர்!' என்று பெரிய பத்திரிகைகள் கூப்பாடு போட்டன. அந்த 70 எங்கிருந்து வந்தது? ஓய்வு பெற்ற லட்சக்கணக்கானோரின் பென்ஷனையும் மருத்துவச் செலவையும் கூட்டி, அன்று வேலையிலிருந்தவர்கள் உழைத்த மணிகளால் வகுத்தார்கள். தாத்தாவின் மருந்துச் செலவைப் பேரனின் கூலி என்றார்கள்! தொழிலாளி கையிலே வாங்கிய கூலி மணிக்கு 28 டாலரை ஒட்டியது. புதிதாகச் சேர்ந்தவருக்கு அதிலே பாதி.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். கூலிக்காரரும் சம்பளக்காரரும் ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தால், மூன்றாவது தட்டு யார் கண்ணுக்கும் படாது. 2022இல் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை நிர்வாகி மேரி பாராவுக்குக் கிடைத்த மொத்த ஊதியம் சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர். அக்கம்பெனியின் நடுத்தர ஊழியர் பெறுவதைப் போல 362 மடங்கு! அம்மையாரும் சம்பளக்காரர்தான். அவருடைய தந்தை அதே கம்பெனியின் பாண்டியாக் ஆலையில் அச்சு செய்யும் தொழிலாளியாக 39 ஆண்டு உழைத்தவர், சங்க உறுப்பினர். தனி மனிதர் மீது நமக்குக் கோபமில்லை. தொழிலாளியின் மகள் உச்சிக்கு ஏறலாம். ஏறியதும் 362 மடங்கு என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே நிற்கிறதே, அதைத்தான் சுட்டுகிறோம்.

சங்கத்தின் குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தோழனின் முதுகிலுள்ள அழுக்கைத் தோழன்தான் காட்ட வேண்டும். 2007ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே அந்தச் சங்கமே ஒரு தவறான கோட்டைக் கிழித்தது. பழையவனுக்கு 28 டாலர். புதியவனுக்குச் சுமார் 14. ஒரே கன்வேயர், ஒரே திருப்புளி, ஒரே வியர்வை, கூலி பாதி! புதியவனுக்குப் பழைய பென்ஷனும் கிடையாது. மேஜைக்கும் பட்டறைக்கும் நடுவே முதலாளி எழுப்பிய சுவரைப் போதாதென்று, பட்டறைக்குள்ளேயே இன்னொரு சுவர். 2009இல் பஞ்சப்படியும் போயிற்று. பின்னர் சங்கத் தலைவர்களிலே இருவர் சங்கப் பணத்தைச் சூறையாடிய குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள். வெட்கப்பட வேண்டிய செய்தி. சங்கம் என்ற ஆயுதத்தைத் துருப்பிடிக்க விட்டால் அது பிடித்தவன் கையையே கிழிக்கும்.

துருவைத் தேய்த்தவர்களும் தொழிலாளரே. உறுப்பினர் நேரடியாக வாக்களிக்கும் முறை வந்தது. 2023 மார்ச்சில் ஷான் ஃபெயின் தலைவரானார். அதே செப்டம்பர் 15 முதல், வரலாற்றிலே முதல் தடவையாக, மூன்று கம்பெனிகள் மீதும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம். எல்லா ஆலைகளையும் ஒரேயடியாக நிறுத்தவில்லை. இன்று இங்கே, நாளை அங்கே என்று எதிரி எண்ணிப் பாராத இடத்திலே அடித்தார்கள். ஆறு வாரத்திலே ஒப்பந்தம். நாலரை ஆண்டில் 25 சதம் உயர்வு; அதிலே 11 சதம் உடனே. சுமார் 32 டாலராக இருந்த உச்சக் கூலி, ஒப்பந்தம் முடியுமுன் 40 டாலரைத் தாண்டும். உச்சத்தை எட்ட எட்டு ஆண்டு என்றிருந்தது மூன்று ஆண்டாயிற்று. இழந்த பஞ்சப்படி திரும்பிற்று. 2007க்குப் பின் சேர்ந்தோருக்குப் பழைய பென்ஷனும் ஓய்வுக்கால மருத்துவமும் மட்டும் திரும்பவில்லை. அதனால்தான் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளரிலே நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர்தான் ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். முழு வெற்றி என்று நாம் முரசறையவில்லை, ஆனால் வெற்றி!

அந்த வெற்றி சங்கமில்லாத இடத்துக்கும் பாய்ந்தது. சில வாரங்களிலேயே டொயோட்டா, ஹோண்டா, ஹுண்டாய் ஆகியவை தம் அமெரிக்க ஆலைகளில் கூலியை உயர்த்தின. கருணை பெருகிற்றா? இல்லை, சங்கம் நம் வாயிலுக்கும் வந்துவிடுமே என்ற அச்சம். முன்பு கண்ட அதே காட்சி! 2024 ஏப்ரலில் சட்டனூகா நகரத்து வோக்ஸ்வாகன் தொழிலாளர், பாய்ந்து வரும் நீர் போதாது, சொந்தக் கிணறு வேண்டும் என்று 2,628 வாக்குகளால் தீர்ப்பளித்தார்கள், எதிர்த்தவை 985.

நமக்கென்ன பாடம்?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர் இருந்தால், மறைமலைநகரை நினைவூட்டுகிறோம். 1999இல் அங்கே ஆலை திறந்த அதே ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஒரே அறிவிப்பில் சொன்னது. 2022இல் ஆலை நின்றது. வேலை போவதற்கு எவ்வளவு ஈடு என்ற கேள்விக்கு அங்கேயும் விடை வாங்கப் போராட வேண்டியிருந்தது. முதலாளி கடல் தாண்டி வருகிறான். அவன் பாடமும் அவனோடு வருகிறது. நமது பாடமும் கடல் தாண்ட வேண்டாமா?

பட்டறைத் தோழனே! மேஜையிலே இருப்பவனைப் பார்த்துப் பொறாமைப்படாதே, பகைக்காதே. அவனுக்கு வெட்டு விழும்போது 'நன்றாக வேண்டும்' என்று சிரிக்காதே. அவனுக்கு விழும் வெட்டு, உனக்கு ஓங்கும் கத்தியின் ஒத்திகை. வேலைநிறுத்தத்தின்போது உன் இடத்திலே நிறுத்தக் கம்பெனி முதலில் தேடுவது அவனைத்தான். அவன் கருங்காலியாவதும் தோழனாவதும் பாதி உன் நடத்தையில் இருக்கிறது.

மேஜைத் தோழனே! 'நீ எங்களில் ஒருவன்' என்று நிர்வாகம் சொன்னால், 'அதை எழுதிக் கொடுங்கள்' என்று கேள். முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். கிரைஸ்லரிலே எஞ்சினியர், வரைவாளர், எழுத்தர்களில் ஒரு பகுதியினர் அதே மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினராக இருக்கிறார்கள். கூட்டு ஒப்பந்தத்தின் கீழ்ச் சம்பளம் பெறுகிறார்கள். டை கட்டினால் சங்கச் சீட்டு சட்டைப் பையிலே நுழையாது என்று எந்த விதியும் இல்லை!

2009இல் அந்த இரண்டு கிழவர்களின் வீட்டுக்கும் தபால் வந்தது. ஒருவர் உறையைப் பிரித்து, பேசிய தொகை இருக்கக் கண்டு அடுப்பை மூட்டினார். மற்றவர் உறையைப் பிரித்து நாற்காலியிலே சாய்ந்தார். இருவரும் உழைத்த உழைப்பு ஒன்று, ஆண்டு ஒன்று, ஆலை ஒன்று. முன்னவர் 1937இலே பிளிண்ட் நகரத்துக் குளிரிலே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவருக்குக் கடன்பட்டவர். பின்னவருக்காக உட்கார யாரையும் விடவில்லை.

நாளை நம் வீட்டுக்கும் தபால் வரும். அதிலே என்ன இருக்க வேண்டும் என்பதை எழுத வேண்டிய நாள் இன்று. வாக்குறுதி கேட்டு வாயிலிலே நிற்க வேண்டாம், தோழர்களே! ஒப்பந்தம் கேட்டு ஒன்றாக நிற்போம்!